தாளுக்கு முகமா, முகத்துக்குத் தாளா?

ஸ்டுடியோ சுவரில் பிரின்ட் விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும்: 4×6, 5×7, 6×8, 8×10, 8×12, 10×12, 12×15, 12×18. சிறியதிலிருந்து பெரியது என்று ஏறுவரிசையில் எழுதியிருப்பதால், கூடக் காசு கொடுத்தால் அதே படம் பெரிதாகக் கிடைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த எட்டு அளவுகளுக்குள் ஐந்து வெவ்வேறு வடிவங்கள் கலந்து கிடக்கின்றன. 4×6, 8×12, 12×18 மூன்றும் ஒரே வடிவம். நீளமும் அகலமும் 3:2. 8×10-உம் 12×15-உம் 5:4. 6×8 என்பது 4:3. 5×7 தனி. 10×12 தனி. ஒருவர் நிற்கும் முழுப் படத்தை 8×12-இல் போட்டால் பாதம் இருக்கும். அதையே 8×10-இல் போட்டால் இருக்காது.

உருவப்படத்தை அச்சிடும்போது எந்த விகிதம் எடுப்பது, படத்தை எங்கே வெட்டுவது? ஓவியர்களும் ஸ்டுடியோக்காரர்களும் கேமரா வடிவமைத்தவர்களும் பாஸ்போர்ட் அதிகாரிகளும் தத்தம் தேவைக்கேற்ப இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. எல்லாப் படத்துக்கும் பொருந்தும் விகிதம் என்று எதுவும் இல்லை; முடிவெடுக்க ஒரு வரிசை மட்டும் இருக்கிறது. ஆளை எவ்வளவு காட்டப்போகிறோம் என்பது முதலில், அதற்கேற்ற விகிதம் அடுத்து, அளவு கடைசியில். நாம் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறோம். அளவைச் சொல்லிவிட்டு மற்றதை மிஷின் பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்துவிடுகிறோம்.

வெட்டுப்படுவது எவ்வளவு?

கணக்கு எளிது. டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களிலும் படம் 3:2. கைபேசியின் சென்சார் பொதுவாக 4:3. 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000×4000 புள்ளிகள். அதை 4×6-இல் அச்சிட்டால் எதுவும் போகாது. 5×7 என்றால் நீளத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் போகும். 6×8 என்றால் 11 சதவீதம். 8×10 என்றால் ஆறில் ஒரு பங்கு. 10×12 என்றால் ஐந்தில் ஒரு பங்கு. கைபேசிப் படத்துக்கு நிலைமை வேறு: 6×8-இல் அப்படியே உட்காரும், 4×6-க்குப் போனால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இழக்கும்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் இது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்போம். பட்டுப்பாவாடை கட்டி நிற்கும் சிறுமி. 8×12 பிரின்டில் தலைக்கு மேல் ஒரு அங்குலமும் பாதத்துக்குக் கீழ் அரை அங்குலமும் விட்டிருக்கிறார் படம் எடுத்தவர். சிறுமியின் உருவம் மட்டும் பத்தரை அங்குலம். இதை 8×10 தாளில் ஓரம் தெரியாமல் நிரப்பச் சொன்னால், தாளின் உயரமே பத்து அங்குலம்தான். தலைப்பூவா, கொலுசா என்று யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆகவேண்டும். யாரும் எடுக்காவிட்டால் மென்பொருள் மேலும் கீழும் சமமாக ஒவ்வொரு அங்குலம் வெட்டும். மேலே தலை விளிம்பில் முட்டும், கீழே பாதம் போய்விடும். எதையும் வெட்டாமல் முழுப் படத்தையும் தாளுக்குள் அடக்கச் சொல்லலாம். அப்போது படம் 6.67×10 ஆகச் சுருங்கி, இரு பக்கமும் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெள்ளைப் பட்டை விழும். பலர் இதைக் குறை என்று நினைக்கிறார்கள். பாதம் போவதைவிடப் பட்டை இருப்பது எவ்வளவோ மேல்.

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தன?

தாளின் விகிதங்களை யாரும் முகத்தை அளந்து வகுக்கவில்லை. முகத்தை மனத்தில் வைத்துச் சட்டம் வகுத்தவர்கள் ஓவியர்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவப்படக் கித்தான்களுக்கு நிலையான அளவுகள் இருந்தன. தலையும் தோளும் என்றால் 30×25 அங்குலம். இடுப்புக்குக் கீழ்வரை என்றால் 50×40. நிற்கும் முழு உருவம் என்றால் 94×58 அளவில். இவற்றுக்கு நடுவில் காட்ஃப்ரி நெல்லர் என்ற ஓவியர், லண்டனின் கிட்-கேட் கிளப் உறுப்பினர்களை வரைய 36×28 என்ற அளவைக் கையாண்டார். தலை, தோளோடு ஒரு கையையும் காட்ட அதில் இடம் இருந்தது. அந்த அளவுக்கே ‘கிட்-கேட்’ என்று பெயர் நிலைத்தது. இந்த வரிசையில் ஒரு பாடம் இருக்கிறது. தலைக்கும் இடுப்புக்கும் அவர்கள் எடுத்தவை குட்டையான சட்டங்கள், 1.2 முதல் 1.3 வரை. முழு உருவத்துக்கு வந்ததும் சட்டம் நெட்டையாகி 1.6-ஐத் தொட்டுவிடுகிறது. காட்டும் உடம்புக்கு ஏற்ப விகிதம் மாறியது.

புகைப்படம் வந்ததும் அந்த நெகிழ்வு போனது. தகட்டின் அளவே படத்தின் அளவு. முழுத் தகடு 6½×8½ அங்குலம். அதைப் பகிர்ந்து அரைத் தகடு, கால் தகடு. 1854-இல் பாரிசில் டிஸ்டெரி ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விசிட்டிங் கார்டு அளவிலான அந்தப் படங்களில் பெரும்பாலும் ஆள் முழுதாக நின்றார், முகம் கடுகளவு. 1860-களில் வந்த கேபினட் கார்டின் அட்டை 4¼×6½ அங்குலம். முகத்துக்கு அதில் கூடுதல் இடம் கிடைத்தது. ‘கேபினட் சைஸ்’, ‘ஹாஃப் பிளேட்’ என்ற சொற்கள் நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் நெடுங்காலம் புழங்கின. தகடு போய் ஃபிலிம் வந்த பிறகும் பெயர் போகவில்லை.

3:2 வந்த கதைக்கும் உருவப்படத்துக்கும் தொடர்பே இல்லை. சினிமா ஃபிலிமில் ஒரு பிரேம் 18×24 மில்லிமீட்டர். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆஸ்கர் பார்னக், அந்த ஃபிலிமைப் படுக்கவைத்து ஓடவிட்டு, இரண்டு பிரேம் இடத்தை ஒன்றாக்கினார். கிடைத்தது 24×36. 1925-இல் லைகா விற்பனைக்கு வந்தது. உலகம் அந்த வடிவத்துக்குப் பழகிவிட்டது. 4×6 பிரின்ட், நம் கடைகளின் ‘மேக்ஸி’ சைஸ், அதற்கு இணங்கியே பரவியது. இதற்கு மாறாக, பெரிய ஃபிலிம் கேமராக்கள் பழைய குட்டை வடிவத்திலேயே நின்றன: 4×5, 8×10 ஷீட் ஃபிலிம்கள், 6×7 சென்டிமீட்டர் ரோல். ரோலிஃப்ளெக்ஸும் ஹாசல்பிளாடும் சதுரத்தில் எடுத்தன. சதுரமாக எடுத்துவிட்டுப் பிறகு நெட்டையாகவோ அகலமாகவோ வெட்டிக்கொள்வது ஸ்டுடியோக்காரர்களுக்கு வசதியாக இருந்தது.

ஆக, இன்றைய விலைப்பட்டியல் ஒரு கலவை. 8×10 பெரிய ஃபிலிமின் மிச்சம், 8×12 சினிமா ஃபிலிமின் வாரிசு, 6×8 களத்தில் புதிதாக நுழைந்த கைபேசிக்குத் தற்செயலாகப் பொருந்தியது. ஏ4 தாளோ 1922-இல் ஜெர்மனியில் வகுத்த அலுவலகத் தர அளவு. நீளம், அகலத்தின் 1.414 மடங்கு. எதுவும் முகத்துக்காகச் செய்யப்படவில்லை. ஆகவே எதற்கும் முன்னுரிமை தரவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

உடம்பில் எங்கே வெட்டுவது?

விகிதத்துக்கு முன்னால் வரும் கேள்வி இது. ஸ்டுடியோக்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: மூட்டில் வெட்டாதே. கழுத்து, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் மேல் படத்தின் விளிம்பு வந்தால், அந்த உறுப்பே அங்கு முடிந்துவிட்டதுபோல் கண்ணுக்குப் படும். இரண்டு மூட்டுகளுக்கு இடையில், அதாவது நடு மார்பில், மேல்தொடையில், விளிம்பு வந்தால் மீதி உடம்பு வெளியே இருக்கிறது என்று மனம் தானாக நிரப்பிக்கொள்ளும். விரல் நுனிகளை மட்டும் வெட்டுவது எல்லாவற்றிலும் மோசம். கை வேண்டும் என்றால் முழுதாக இருக்கட்டும். வேண்டாம் என்றால் முன்கையின் நடுவிலேயே விட்டுவிடலாம்.

அடுத்தது தலைக்கு மேல் உள்ள வெற்றிடம். தலையின் மொத்த உயரத்தில் கண் இருப்பது ஏறத்தாழப் பாதியில். புதிதாகப் படம் எடுப்பவர்கள் கண்ணைச் சட்டத்தின் நடுவில் வைத்து எடுப்பதால் மேலே தேவையில்லாத வானமும், கீழே பாதியில் நிற்கும் மார்பும் வருகின்றன. கண்ணை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் கொண்டுவந்தால் பெரும்பாலான மார்பளவுப் படங்கள் சரியாகிவிடும். மிக நெருக்கமான முகப்படத்தில் உச்சந்தலையைச் சற்றே வெட்டலாம், தாடையை வெட்டக்கூடாது. நெற்றி மேல் விளிம்போடு உரசாமல் உரசி நிற்பதுதான் இரண்டுங்கெட்டான். தெளிவாக வெட்டு, அல்லது தெளிவாக விடு.

பக்கவாட்டில் பார்க்கும் முகத்துக்குப் பார்க்கும் திசையில் கூடுதல் இடம் வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதி. நம் ஊர்ப் படங்களுக்குச் சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கொண்டை, தலைப்பூ, தலைப்பாகை, மணமகளின் நெற்றிச்சுட்டி, பின்னலின் குஞ்சலம் எல்லாம் ஆளின் பகுதிதான். ‘தலை’ என்று அளக்கும்போது அவற்றையும் சேர்த்தே அளக்கவேண்டும். மணமகளைத் தனியாக எடுத்த படத்தை 8×10-க்கு வெட்டும்போது முதலில் பலியாவது பூ.

எந்த விகிதம் எதற்கு?

முகமும் தோளும், அல்லது மார்பளவு என்றால் 5:4-உம் 4:3-உம் கைகொடுக்கும். தோள்களோடு பார்த்தால் உருவம் அவ்வளவு நெட்டை கிடையாது. 3:2-இல் வைத்தால் மேலே வெற்றிடமோ கீழே தேவையற்ற உடம்போ சேரும். 8×10, 12×15, 6×8 இங்கே நல்ல தேர்வுகள். 10×12 இன்னும் குட்டை. உட்கார்ந்திருக்கும் பெரியவரின் அகன்ற உருவத்துக்கும் கணவன் மனைவி சேர்ந்த மார்பளவுப் படத்துக்கும் அது இணங்கும்.

நிற்கும் முழு உருவத்துக்கு 3:2. 8×12, 12×18 இரண்டும் அதற்கென்றே இருப்பவை. செட்டிநாட்டு வீடுகளின் கூடங்களில் தொங்கும் பழைய படங்களில் தரைவிரிப்பும் செருப்பும் பக்கத்து மேசைக்காலும் வரை தெரியும். அவற்றை நகலெடுக்கும்போது ‘முகம் பெரிதாக வரட்டும்’ என்று மார்பளவுக்கு வெட்டச் சொல்பவர்கள் உண்டு. முகம் பெரிதாகும், ஆனால் அந்தக் காலத்து ஆள் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்ற செய்தி போய்விடும். அந்தப் படத்துக்கு இரண்டு பிரின்ட் போடுவது மேல்: முழுதாக ஒன்று, முகம் மட்டும் ஒன்று.

சதுரம் நடுவில் நேராக உட்காரும் முகத்துக்குப் பொருந்தும். பல சதுரங்களை வரிசையாக மாட்டினால் சுவர் ஒழுங்காகத் தெரியும். 5×7 நடுநிலையானது. 3:2 படத்திலும் 4:3 படத்திலும் குறைவாகவே தின்னும், மேசைமேல் வைக்கும் சட்டத்துக்குச் சரி.

திருமண ஆல்பம் இன்னொரு கதை. விரித்தால் 12×36 வரும் கரிஸ்மா ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் இழுத்துவிடுவது இப்போதைய பழக்கம். நிமிர்ந்த உருவப்படத்தை அப்படி 3:1-க்கு வெட்டினால் நெற்றி முதல் தாடை வரை மட்டும் மிஞ்சும். மடிப்பு விழும் நடுக்கோட்டில் மூக்கு வராமலாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுவது தவறா?

இந்தக் கேள்வியில் கலைஞர்களே இரண்டு கட்சி. ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், எடுத்த சட்டத்தை மாற்றக்கூடாது என்பதில் உறுதியானவர். ஆனால் அவருடைய மிகப் புகழ்பெற்ற படம், 1932-இல் பாரிசின் செயின்ட்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய நீரைத் தாண்டும் மனிதர், வெட்டப்பட்ட படம். வேலியின் இடைவெளி வழியாக எடுத்ததால் ஓரத்தில் வேலி விழுந்திருந்தது. ரிச்சர்ட் அவடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதி மக்களை 8×10 கேமராவில் எடுத்தபோது, ஃபிலிமின் கறுப்பு ஓரத்தையும் சேர்த்தே அச்சிட்டார். நான் எதையும் வெட்டவில்லை என்பதற்கு அந்த ஓரமே சாட்சி.

எதிர்க்கட்சிக்கும் வலுவான சான்றுகள் உண்டு. 1946-இல் ஆர்னால்ட் நியூமன் எடுத்த இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் படத்தில், திறந்த பியானோவின் மூடி பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, மனிதர் இடது கீழ்மூலையில் சிறிதாக இருக்கிறார். அந்த அமைப்பு கேமராவில் பிறந்தது பாதி, வெட்டியதில் பிறந்தது பாதி. நெகடிவில் இருந்த அறையின் மற்ற பகுதிகளை எல்லாம் அவர் கத்தரித்தார்.

எல்லாரும் பார்த்திருக்கும் சான்று சே குவேராவின் முகம். 1960 மார்ச் 5, ஹவானாவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அல்பெர்தோ கோர்டா லைகாவில் இரண்டே முறை ‘கிளிக்’ செய்தார். ஒன்று படுக்கை வாட்டில். அதில் இடது ஓரத்தில் வேறொருவரின் பக்கவாட்டு முகம், வலது ஓரத்தில் பனை ஓலை. இன்னொன்று நிமிர்ந்த வாட்டில். அதில் சேயின் தோளுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் தலை எட்டிப்பார்த்தது. உருவப்படத்துக்கு நிமிர்ந்த சட்டம்தான் பொருத்தம் என்று விதிப்படி பார்த்தால் இரண்டாவதைத் தேர்ந்திருக்க வேண்டும். கோர்டா முதலாவதை எடுத்து, இரு பக்கமும் வெட்டி, நிமிர்ந்த படமாக்கினார். கூட்டத்தில் ஒருவராக நின்றவர் வானத்தின் முன் தனியாக நிற்பவர் ஆனார்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு, வெட்டும்போது பொருள் மாறுகிறது என்பதே. தெரிந்து மாற்றினால் அது ஆக்கம். கோர்டாவும் நியூமனும் வெட்டியதற்குக் காரணம் இருந்தது. பிரின்டர் மென்பொருளுக்கு அது இல்லை.

அளவெடுத்த முகம்

அடையாளப் படத்தில் மட்டும் ரசனைக்கு வேலை இல்லை. பரவலாகக் கேட்கப்படும் பாஸ்போர்ட் சைஸ் 35×45 மில்லிமீட்டர். அதில் முகம் உயரத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை நிரம்ப வேண்டும் என்று ஐரோப்பிய விசா விதிகள் கேட்கின்றன. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். தாடையிலிருந்து உச்சி வரை ஒரு அங்குலத்திலிருந்து 1⅜ அங்குலத்துக்குள். ஒன்றுக்கு எடுத்ததை மற்றொன்றுக்கு வெட்டினால் தலை அளவு தவறி, விண்ணப்பம் திரும்பி வரும். தோளுக்கு இரு புறமும் தாராளமாக இடம் விட்டு எடுத்தால் ஒரே படத்திலிருந்து இரண்டையும் வெட்டலாம். 35×45-இன் விகிதம் 9:7. கிட்-கேட் கித்தானின் 36×28-உம் அதே 9:7. தற்செயல்தான், ஆனாலும் தலையும் தோளும் காட்டக் குட்டையான சட்டமே பொருந்தும் என்பதற்கு இதைவிடத் தொலைவிலிருந்து வரும் சாட்சி கிடைக்காது.

குரூப் போட்டோவிலிருந்து ஒருவர்

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. ஒருவர் மறைந்துவிடுகிறார். தனிப்படம் இல்லை. ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, நாளைக்குள் 12×15 வேண்டும் என்கிறார்கள்.

பத்துப் பேர் இரண்டு வரிசையாக நிற்கும் 12 மெகாபிக்சல் படம் 4000 புள்ளி அகலம். ஒருவருடைய தலையும் தோளும் என்று வெட்டினால் கிடைப்பது ஏறக்குறைய 600×750 புள்ளிகள். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி நல்ல தரம். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். அந்தக் கணக்கில் 600×750 தாங்குவது 4×5 வரைதான். 12×15-க்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளி. முகம் மெழுகுபோல் வழியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமென்றால் அதிலும் குறையும், ஏனென்றால் அது படத்தைச் சுருக்கியே அனுப்பும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூலப்படம் வரும்.

இதற்கு ஒரு மரியாதையான வழி உண்டு. படத்தைப் பெரிதாக்காமல் சட்டத்தைப் பெரிதாக்குவது. 4×5 அளவில் முகத்தை அச்சிட்டு, சுற்றிலும் அகலமான மவுண்ட் அட்டை வைத்து 10×12 சட்டத்தில் போட்டால், மாலை தொங்கவும் இடம் இருக்கும், முகமும் தெளிவாக இருக்கும். பக்கத்தில் நின்றவரின் தோள் விளிம்பில் விழுந்தால் அதைப் பின்னணியால் மூடலாம். 2023 முதல் ஃபோட்டோஷாப்பில் இல்லாத பின்னணியை நீட்டி வரையும் வசதியே வந்துவிட்டது. சுவரையும் திரையையும் நீட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை. வெட்டுப்பட்ட தோளையும் கையையும் இயந்திரம் வரையும்போது, அது வேறு யாருடைய தோளாகவோ ஆகிவிடுகிறது. வீட்டார் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கவுன்ட்டருக்கு அப்பால்

கணினியில் சரியாக வெட்டிக் கொடுத்த பிறகும் மூன்று இடங்களில் ஓரம் போகும். ஓரமில்லாத பிரின்ட் போடும் மிஷின், தாளைவிடப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கியே அச்சிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போகும். மரச்சட்டத்தின் உள்வரம்பு பக்கத்துக்குக் கால் அங்குலம் மறைக்கும்; 8×10 படம் வெளியே தெரிவது 7½×9½. கேன்வாஸில் அச்சிட்டுக் கட்டையின் பக்கவாட்டில் மடித்து ஒட்டுவதானால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் வரை மடிப்புக்குள் போகும். விளிம்போடு உரசும் கையோ பூவோ இருந்தால் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும்.

எடுக்கும்போதே பாதிச் சிக்கலைத் தீர்க்கலாம். கைபேசியில் 4:3 அமைப்பிலேயே எடுக்க வேண்டும். 16:9, ‘ஃபுல்’, சதுரம் எல்லாம் பெரும்பாலும் அதே 4:3 சென்சாரிலிருந்து முன்கூட்டியே வெட்டித் தருபவைதான். ஓர் அடி பின்னால் போய் எடுத்தால் எந்த விகிதத்துக்கும் இடம் இருக்கும். இன்றைய சென்சார்களில் புள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. 24 மெகாபிக்சல் படத்தை 5:4-க்கு வெட்டிய பிறகும் 5000×4000 மிஞ்சும். 12×15 அளவில் அது அங்குலத்துக்கு 333 புள்ளி.

பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டிலேயே உட்கார்ந்து, ஆள் எவ்வளவு வேண்டும் என்று தீர்மானித்து, அந்த விகிதத்தில் நாமே வெட்டி, ஒரு நகலாகச் சேமித்து, மூலப்படத்தைத் தொடாமல் வைப்பது. கடையில் அளவைச் சொல்லும்போது ‘கிராப் பண்ண வேண்டாம், ஒத்துவரலைன்னா வெள்ளை பார்டர் விடுங்க’ என்று சேர்த்துச் சொல்வது. திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிப் பார்ப்பது. தாளுக்கு ஏற்றபடி முகத்தை வெட்டிக்கொண்டு வருவதை நிறுத்த அந்த ஒரு வாக்கியம் போதும்.